பழைய ஹேட்ச்பேக்கை டிராக்கில் ஓட்ட மூன்று வழிகள்: பாலக்காடு எல்லைப் பக்கத்தாருக்கு ஓர் ஒப்பீடு

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கார்ப் பந்தயத் தடம் என்பது தொலைவில் இருக்கும் ஒன்றல்ல. வேலந்தாவளத்தில் எல்லையைக் கடந்து ஒத்தக்கால்மண்டபம் வந்துவிட்டால், செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்தில்தான். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கிய கோவை எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய தடம் அது. நீளம் 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். திருப்பங்கள் நெருக்கமாக வரும். பிரேக்குக்கு ஓய்வு குறைவு. இன்னும் பெரிய தடம் வேண்டுமென்றால், 1990-ல் திறக்கப்பட்ட சென்னை இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போக வேண்டும். அது 3.7 கிலோமீட்டர், ஆனால் நம் பக்கத்திலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் பயணம்.

இத்தனை அருகில் இருப்பதால், வீட்டில் ஒரு பழைய ஸ்விஃப்டோ ஐ10-ஓ வைத்திருக்கும் இளைஞர்கள் பலரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: இருக்கிற காரையே கொஞ்சம் மாற்றி ஓட்டலாமா, டிராக்குக்கென்று தனியாக ஒரு பழைய காரை வாங்கலாமா, அல்லது காரே இல்லாமல் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டி அவர்களுடைய வண்டியை ஓட்டலாமா? மூன்றுமே செய்யக்கூடியவைதான். ஆனால் மாநில எல்லையில் வாழ்பவருக்கு, கோவை நகரத்துக்குள் இருப்பவருக்கு இல்லாத சில சிக்கல்களும் செலவுகளும் உண்டு. அவற்றையும் சேர்த்துத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, வெப்பம். சாலையில் ஓட்டும்போது ஒரு கார் எவ்வளவு வேகம் போகிறது என்பதைத்தான் பார்க்கிறோம்; டிராக்கில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு வெப்பத்தைத் தாங்குகிறது என்பதை. மணிக்கு 120 கிலோமீட்டரில் வரும் காரை 60-க்குக் குறைத்தால், அதன் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு அந்தச் சில விநாடிகளுக்குள் பிரேக் டிஸ்க்கில் வெப்பமாக இறங்கிவிடுகிறது. ஆறவிடாமல் அதையே ஒவ்வொரு லேப்பிலும் (தடத்தின் ஒரு முழுச் சுற்றிலும்) பல முறை செய்கிறோம்.

இரண்டாவது, ஆண்டு முழுவதற்குமான செலவு. டயர், பிரேக் பேட், எரிபொருள், வண்டியை ஏற்றிச் செல்லும் வாடகை, மோதினால் ஆகும் டிங்கரிங் எல்லாம் இதில் அடங்கும். தனிநபர் கார்களுக்கான வழக்கமான காப்பீட்டுப் பாலிசியில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகள் விலக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே தடத்தில் சுவரைத் தொட்டால் அந்தச் செலவு முழுவதும் கைக்காசு என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது, சட்டம். நான்காவது, அன்று மாலை வீடு திரும்புவது. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஐந்தாவது, ஓட்டுநராக நீங்கள் எவ்வளவு கற்றுக்கொள்கிறீர்கள் என்பது. குதிரைத்திறனை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவேயில்லை. முதல் ஓராண்டில் அது எந்த முடிவையும் மாற்றாது.

## முதல் வழி: வீட்டுக் காரையே ஓட்டுவது

இந்த வழியின் பெரிய பலம், காரை நீங்கள் ஏற்கெனவே அறிந்திருப்பது. அதன் கிளட்ச் எங்கே பிடிக்கும், ஸ்டீயரிங் எவ்வளவு கனக்கும், எந்தச் சத்தம் பழையது, எந்தச் சத்தம் புதியது என்பதெல்லாம் உங்களுக்குப் பழக்கம். புதிதாக ஏதேனும் கெட்டால் உடனே தெரிந்துவிடும்.

இங்கே "மாற்றம்" என்ற சொல்லை மிகக் குறுகிய பொருளில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக நல்ல பாகம் போடுவது பராமரிப்பு. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதற்குள்ளேயே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதல் வேலை பிரேக் ஆயில். பட்டறையில் மாற்றச் சொன்னால், "ஆயில் குறையவே இல்லையேண்ணா, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பார்கள். அளவு குறையாமலேயே அது கெட்டுப்போகும் என்பதுதான் விஷயம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்; ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை இறங்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 ஆகிவிடுகிறது. டாட் 4-க்கு இவை 230, 155; டாட் 5.1-க்கு 260, 180. தென்மேற்குப் பருவக்காற்று நுழையும் பாலக்காட்டுக் கணவாயில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று நான்கு ஆண்டுகளாக மாற்றாத ஆயிலோடு தடத்தில் இறங்குவது ஆபத்து. சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலையைவிடப் பயன் தரும் மாற்றம் ஒரு பழைய காரில் வேறில்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஆயில் கொதித்தால் எப்படித் தெரியும்? முதல் லேப்பில் மேலேயே பிடித்த பெடல், நாலைந்து லேப் கழித்து நேர்ப்பாதையின் முடிவில் மிதிக்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரை போகும். ஆவி சேர்ந்த குழாயில் அழுத்தம் நிற்பதில்லை. பெடல் கெட்டியாகவே இருந்து, எவ்வளவு அழுத்தியும் வண்டி நிற்க மறுத்தால், அது பேட் சூடேறிப் பிடிப்பை இழந்ததன் அடையாளம். இரண்டுக்கும் வைத்தியம் வேறுவேறு: முன்னதற்கு ஆயில், பின்னதற்கு உயர்வெப்பம் தாங்கும் பேட். எது நடந்தாலும் அந்த லேப்பை மெதுவாக முடித்துப் பிட்டுக்குள் (தடத்தோரம் வண்டியை நிறுத்தும் இடம்) வந்துவிட வேண்டும்; நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுங்கள்.

அடுத்தது டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும்; 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பூ நன்றாகவே இருந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். தடத்தில் அது கூச்சலிட்டுக்கொண்டே வழுக்கும். ஓட ஓடக் காற்றழுத்தம் ஐந்தாறு பி.எஸ்.ஐ. ஏறும் என்பதால், ஒவ்வொரு முறை ஓட்டிவிட்டுப் பிட்டுக்குள் வந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்து சமன்செய்ய வேண்டும். அளக்கும்போது முன்டயரின் வெளி ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ரப்பர் சிறு சிறு உருண்டையாகத் திரண்டு, பூவைத் தாண்டிப் பக்கச் சுவர்வரை தேய்ந்திருந்தால், ஒன்று காற்றழுத்தம் குறைவு, அல்லது திருப்பத்தில் தேவைக்கு மேல் ஸ்டீயரிங்கை ஒடிக்கிறீர்கள். முன்சக்கர இயக்கக் கார்களில் புதியவர்கள் எல்லோரும் செய்வது இரண்டாவதைத்தான். கார் நேராக இழுத்துக்கொண்டு போகும்போது இன்னும் ஒடிப்பதால் பயனில்லை. ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைத்தால் எடை முன்னால் வந்து டயர் மறுபடி பிடிக்கும். மெல்ல என்பது முக்கியம்: வேகமான திருப்பத்தில் காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசும்.

குளிர்விப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினைந்து ஆண்டு ஓடிய ரேடியேட்டரின் இடுக்குகளில் தூசி அடைந்திருக்கும், ரப்பர் ஹோஸ்கள் வெடிப்பு விட்டிருக்கும், மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மூன்றையும் பார்த்து மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயில் அளவு கோலில் மேல் குறியைத் தொட்டிருக்கட்டும்; நீண்ட திருப்பத்தில் ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஒரு பக்கமாக ஒதுங்கும்போது, அளவு குறைந்த எஞ்சினில் பம்ப் காற்றை இழுக்கும்.

மறைந்திருக்கும் செலவு இந்த வழியில் ஒன்றுதான், ஆனால் பெரியது: திங்கட்கிழமை காலை அதே காரில்தான் வேலைக்குப் போக வேண்டும். கிளட்ச் போய்விட்டால் வீடே முடங்கும். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் ஒரே வண்டி அதுவாக இருந்தால், இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறு ஒரு வண்டியோ, நம்பத்தக்க பேருந்து வசதியோ இருப்பவருக்குத்தான் இது ஏற்றது.

## இரண்டாவது வழி: டிராக்குக்கென்று தனிக் கார்

நண்பர்கள் கூடிப் பேசும்போது எல்லோருக்கும் பிடித்துப்போவது இந்த யோசனைதான். பதினைந்து, பதினெட்டு ஆண்டான ஒரு ஹேட்ச்பேக்கைக் குறைந்த விலைக்கு வாங்கி, பின் இருக்கையையும் மேட்டையும் கழற்றி, தாழ்வான ஸ்பிரிங், பக்கெட் சீட், பெல்ட் எல்லாம் போட்டு, தோட்டத்துச் சாளையில் நிறுத்திக்கொள்ளலாம் என்று கணக்கிடுகிறார்கள். வாங்கும் விலை இந்தக் கணக்கில் மிகச் சிறிய பகுதி.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைக்க உரிமையாளருக்கு உரிமையில்லை. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள்: சத்தமான சைலன்சர் ஒன்று, கழற்றிய இருக்கை ஒன்று, ரோல் கேஜ் (கார் உருண்டாலும் கூரை அமுங்காமல் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) ஒன்று என்று தனித்தனியே கூடும். கேரள மோட்டார் வாகனத் துறை இதில் எவ்வளவு கறார் என்பது சித்தூரிலும் பாலக்காட்டிலும் வண்டி ஓட்டுபவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதிவு அடுத்த முடிச்சு. தனிநபர் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேல் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டும் வேலையும் பசுமை வரியும் உண்டு. இருக்கையைக் கழற்றிய கார் எஃப்.சி.யில் தேறாது. பொள்ளாச்சியில் டி.என். 41 எண்ணோடு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து கொழிஞ்சாம்பாறையில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கிக் கேரளத்தில் மறுபதிவு செய்து, வரியும் கட்ட வேண்டும். ஆகவே எல்லைப் பக்கத்தார் தனிக் கார் வாங்கினால், அதை எந்த மாநிலத்தில் நிறுத்தப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்து, அந்த மாநிலப் பதிவுள்ள காரையே தேடுவது நல்லது. ஒத்தக்கால்மண்டபம், கிணத்துக்கடவு பக்கம் உறவினர் தோப்பு யாருக்காவது இருந்தால், காரை அங்கே நிறுத்துவதே பெரிய லாபம்.

காரணம், போக்குவரத்து. உண்மையான டிராக் கார் சாலையில் ஓடக் கூடாது. ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். போகவும் வரவும் கொடுக்கும் வாடகை ஒவ்வொரு முறையும் சேரும். நான்கைந்து முறை போய்வந்தால் காருக்குக் கொடுத்த விலையில் கணிசமான பங்கு அதிலேயே போயிருக்கும். இருங்காட்டுக்கோட்டைக்கு என்றால் கணக்கே வேறு.

பாதுகாப்பு பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அழகுக்காகவும் பிடிமானத்துக்காகவும் நான்கு முனை பெல்ட்டை மட்டும் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ரோல் கேஜ் இல்லாத காரில் அது ஆபத்தானது. கார் உருண்டு கூரை அமுங்கினால், சாதாரண மூன்று முனை பெல்ட்டில் உடல் பக்கவாட்டில் சாய இடமிருக்கும்; நான்கு முனை பெல்ட் உடலை நிமிர்த்தியே பிடித்து வைத்திருக்கும். பக்கெட் சீட், பெல்ட், கேஜ், கழுத்துக் காப்பு ஆகியவை ஒன்றாகச் சேர்ந்தே வேலை செய்பவை. பணம் பற்றாதபோது ஒன்றை மட்டும் வாங்குவதைவிட, கம்பெனி சீட்டையும் பெல்ட்டையும் அப்படியே விட்டுவிடுவது மேல். கேஜ் போட்ட காரைத் தலைக்கவசம் இல்லாமல் சாலையில் ஓட்டுவதும் அதே அளவு ஆபத்து: சாதாரண மோதலில்கூடத் தலை போய் இரும்புக் குழாயில் இடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வழி சிலருக்குச் சரியானதே. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே காரை வைத்துக்கொண்டு, நிறுத்த இடமும், கையால் வேலை செய்யத் தெரிந்த ஒருவரும் இருந்தால், தலைக்கு ஆகும் செலவு வெகுவாக இறங்கிவிடும். சுவரைத் தொட்டாலும் வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) கழற்றி மாட்டுவது, கேம்பர் (சக்கரத்தின் சாய்வுக் கோணம்) மாற்றினால் கார் எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பது எல்லாம் தனிக் காரில்தான் மன நிம்மதியோடு கற்க முடியும். ஆனால் யார் ஓட்டும்போது உடைந்தாலும் செலவு சமமாகப் பிரியுமா, உடைத்தவர் தருவாரா என்பதைக் கார் வாங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

## மூன்றாவது வழி: பயிற்சிப் பள்ளியின் கார்

கேட்கும்போது இதுதான் விலை அதிகமாகத் தோன்றும். ஒரு நாள் கட்டணத்தைக் கேட்டவுடன் "அந்தக் காசுக்கு நாலு டயரே வாங்கிவிடலாமே" என்று விலகிவிடுகிறார்கள். ஆனால் டயர், எரிபொருள், பிரேக், வண்டிப் போக்குவரத்து எல்லாம் பொதுவாக அந்தக் கட்டணத்துக்குள்ளேயே இருக்கின்றன. காரைச் சேதப்படுத்தினால் எவ்வளவு தர வேண்டும் என்பதை மட்டும் கையெழுத்திடும் முன் படித்துவிட வேண்டும். மறைந்திருக்கும் செலவு அங்கேதான்.

பள்ளிகளில் பெரும்பாலும் ஃபார்முலா வகை ஒற்றை இருக்கைக் கார்தான் கிடைக்கும் என்பதால், ஹேட்ச்பேக் ஓட்ட இது எப்படி உதவும் என்று கேட்கலாம். எங்கே பிரேக்கைத் தொடங்குவது, பிரேக்கை விட்டுக்கொண்டே எப்படித் திரும்புவது, பார்வையை எங்கே வைப்பது, தடத்தில் காட்டும் கொடிகளின் பொருள் என்ன என்பவை எந்தக் காருக்கும் பொதுவானவை. வெளியிலிருந்து ஒருவர் பார்த்து உடனே திருத்துவது வேறு எந்த வழியிலும் கிடைக்காது. பின்னாளில் போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயக் கழகங்களின் கூட்டமைப்பு) உரிமம் வேண்டும், அதற்கும் இதுவே நேர்வழி.

இதில் குறை, கிடைக்கும் நேரம்தான். பள்ளி வைக்கும் தேதியில்தான் போக முடியும், ஓட்டும் லேப்களும் அளவானவை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | வீட்டுக் கார் | தனிக் கார் | பள்ளிக் கார் |
|---|---|---|---|
| வெப்பம் தாங்குதல் | ஆயில், பேட், டயர் மாற்றினால் குறுகிய நேர ஓட்டத்துக்குப் போதும் | செலவழிக்கும் அளவுக்கு ஏற்ப | அவர்கள் பொறுப்பு |
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | அதிகம் | இல்லை |
| ஒவ்வொரு முறையும் ஆகும் செலவு | நடுத்தரம் | ரெக்கவரி வாடகையால் அதிகம் | கட்டணம் மட்டும் |
| சட்டச் சிக்கல் | பராமரிப்போடு நின்றால் இல்லை | பதிவு, மாற்றம், மறுபதிவு | இல்லை |
| வீடு திரும்புதல் | அதே காரில். உடைந்தால் சிரமம் | ரெக்கவரி வண்டியில் | பேருந்தில்கூட |
| கற்றல் | சொந்த முயற்சி | இயந்திர அறிவு அதிகம் | ஓட்டும் திறன் அதிகம் |

அட்டவணையில் வராத ஒன்று வரிசை. புதிதாகத் தொடங்குபவர் மூன்றாவது வழியில் ஒரு நாள் கற்றுக்கொண்டு, முதல் வழியில் ஓராண்டு ஓட்டி, அதற்குப் பிறகும் ஆசை தணியாவிட்டால் இரண்டாவதற்குப் போவதே சரி என்பேன். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான், தென்னந்தோப்புகளில் பாதி கழற்றிய கார்கள் தார்ப்பாய் மூடி நிற்கின்றன.

மழைக்காலம் பற்றியும் ஒரு சொல். ஜூன் முதல் செப்டம்பர் வரை சித்தூரில் மழை கொட்டும்போது செட்டிபாளையத்தில் தடம் காய்ந்திருக்கலாம். ஒரே காரில் போய்வருபவர்கள் பூ குறைந்த பந்தய வகை டயரைத் தேர்ந்தெடுத்தால், திரும்பும்போது தண்ணீர் நிற்கும் சாலையில் அது வழுக்கும். முதல் வழிக்காரர்களுக்கு நல்ல சாலை டயரே போதும்.

## எந்தக் கார்

தனிக் கார்தான் என்று முடிவுசெய்துவிட்டவர்களுக்கு என் முதல் பரிந்துரை 2005 முதல் 2010 வரை வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட் 1.3. அதன் 1298 சி.சி. எஞ்சின் 87 குதிரைத்திறன் தருவது. காரின் எடை ஏறக்குறைய ஒரு டன். எஸ்டீமிலும் ஜிப்சியிலும் ஓடிய அதே ஜி13 குடும்பத்து எஞ்சின் என்பதால், பல ஆண்டுப் பந்தய, ராலி அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கோவையில் கிடைப்பார்கள். வாங்கும் முன் பானட்டைத் திறந்து, முன் ஸ்ட்ரட் மேலே பொருந்தும் இடத்தில் துருவோ வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பழைய ஜென் 993 சி.சி.தான், ஆனால் எடை குறைந்த கார் என்பதால் பிரேக்கும் டயரும் நெடுநாள் வரும், கரியின் நெருக்கமான திருப்பங்களில் ஓட்ட இனிமையாக இருக்கும். 2006-லேயே உற்பத்தி நின்றுவிட்டதால் நல்ல பாடியோடு கிடைப்பதுதான் கடினம். இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலையிலேயே பிறந்த ஐ10 1.2 வீட்டுக் காராக இருந்தால் தாராளமாக ஓட்டலாம். டிராக்குக்கென்று தேடி வாங்க வேண்டிய கார் அல்ல.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. மீது பலருக்குக் கண். 105 குதிரைத்திறன், டர்போ, உறுதியான பாடி என எல்லாம் உண்மை. ஆனால் 2013-ல் வந்த அந்த மாடலில் உள்ள ஏழு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) உலர் கிளட்ச் வகை. தொடர்ந்து சூடேறுவது அதற்கு ஆகாது, பழுதானால் வரும் பில் ஒரு பழைய ஸ்விஃப்டின் விலையைத் தொடக்கூடும். போலோதான் வேண்டுமென்றால், 2020-ல் வந்த 1.0 டி.எஸ்.ஐ.யை மேனுவல் கியரோடு தேடுங்கள். அது விலை கூடிய கார் என்பதால், வெட்டாமல் குலைக்காமல் முதல் வழியில் ஓட்டுவதற்கு மட்டுமே.